எண்ணும் நிறையும்



பழைய கடிதங்களையும் ரசீதுகளையும் கட்டாக அடுக்கி, ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி அலமாரியில் போட்டு வைப்பது நம் வீடுகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். சில ஆண்டுகள் கழித்து அக்கட்டை எடுத்துப் பாருங்கள். நடுவில் இருந்த தாள்கள் வைத்த கோலத்திலேயே இருக்கும். மேலே இருந்த முதல் தாளில் மட்டும் வளையம் அழுத்திய தடம் குறுக்கே ஓடியிருக்கும், ஓரம் மடங்கியிருக்கும், தூசும் வெளிச்சமும் பட்டு நிறம் மங்கியிருக்கும். கட்டு முழுவதற்கும் காவலாக நின்று அடிபட்டது அந்த ஒரு தாள்தான்.

இந்த முதல் தாளின் கதை ஒன்று அமெரிக்காவில் 83,970 டாலர் வரை போனது என்றால் நம்புவீர்களா? 1952-ஆம் ஆண்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கிய டாப்ஸ் என்னும் நிறுவனம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வண்ணப் படங்களை அட்டைகளாக அச்சிட்டுப் பபிள்கம்முடன் சேர்த்து விற்றது. மொத்தம் 407 அட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். முதல் எண்ணுக்கு உரியவர் ஆண்டி பாஃப்கோ என்ற ஆட்டக்காரர். சிறுவர்கள் என்ன செய்தார்கள்? எண் வரிசைப்படி அடுக்கினார்கள், ரப்பர் வளையம் போட்டார்கள், கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஆக, நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கட்டுகளில் பாஃப்கோவே முதல் தாளானார். தடமும் மடிப்பும் இல்லாத பாஃப்கோ அட்டை அரிதாயிற்று. அப்படி மாசற்றுத் தப்பிய ஓர் அட்டைதான் 1998-இல் நான் சொன்ன அந்த விலைக்குப் போனது. பாஃப்கோ நல்ல ஆட்டக்காரர். ஆயினும் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர் அல்லர். அவருடைய ஆட்டத்துக்காக எவரும் அத்தொகையைக் கொடுக்கவில்லை. அட்டையின் உறையில் ‘10’ என்று ஓர் எண் ஒட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணுக்காகவே கொடுத்தார்கள்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது, இத்தகைய எண்களைக் கூட்டி ஒருவருடைய சேகரிப்பு முதலிடத்தது, மற்றொருவருடையது ஐந்தாம் இடத்தது என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள் என்பதைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அட்டை சேகரிப்பு நம் வீட்டு விஷயம் அன்று என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கட்-ஆஃப் கணக்குப் போட்ட பெற்றோர் யாவருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதே.

தரமிடுதல் முதலில் நாணயங்களில் தொடங்கிய கலை. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல் தம் நாட்டின் தொடக்ககாலச் செப்புக் காசுகளைப் பற்றி எழுதிய நூலில் 1 முதல் 70 வரையிலான அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதன் உட்கருத்து வேடிக்கையானது. மிகத் தேய்ந்த காசு ஒரு டாலர் பெறும் என்றால், 70-ஆம் தரத்துக் காசு எழுபது டாலர் பெற வேண்டும். தர எண்ணே விலையின் பெருக்கமாக இருந்தது! சந்தை அந்தக் கணக்கை வெகுகாலம் மதிக்கவில்லை. விலைகள் ஒரு பக்கம் ஓடின, எண் மட்டும் தங்கிவிட்டது. 1986-இல் நாணயங்களுக்குத் தரமிடும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர் டேவிட் ஹால். 1991-இல் அதே குடும்பத்திலிருந்து விளையாட்டு அட்டைகளுக்கான நிறுவனம் ஒன்று கலிபோர்னியாவில் பிறந்தது. அதன் பெயர் புரொஃபெஷனல் ஸ்போர்ட்ஸ் ஆதென்டிகேட்டர், சுருக்கமாகப் பி.எஸ்.ஏ.

பி.எஸ்.ஏ.வின் அளவுகோல் 1 முதல் 10 வரை. அட்டையை அனுப்பினால், பயிற்சி பெற்ற கண்கள் அதன் நான்கு முனைகளையும், ஓரங்களையும், மேற்பரப்பையும், படம் சட்டத்தின் நடுவே அமைந்திருக்கிறதா என்பதையும் ஆராய்ந்து ஒரே எண்ணைத் தருகின்றன. அட்டை கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடப்படுகிறது, மேலே சீட்டு. 2008 முதல் அரைத் தரங்களும் உண்டு. 8-க்கும் 9-க்கும் இடையே 8.5 என்று ஒன்று வந்தது. 10-க்கு முன்னால் மட்டும் அரை இல்லை. பெக்கெட் என்ற மற்றொரு நிறுவனமோ முனை, ஓரம், பரப்பு, நடு அமைவு ஆகிய நான்குக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டுப் பிறகு ஒரு பொது எண் தருகிறது. அந்தப் பொது எண்ணும் நான்கின் வெறும் சராசரி அன்று. நான்கில் எது தாழ்வோ அது மற்றவற்றைக் கீழே இழுக்கும். ஒரு முனை நசுங்கியிருந்தால் மற்ற மூன்று நற்குணங்களும் அதை முற்றிலும் ஈடுசெய்துவிட முடியாது.

இதுவரை ஒற்றை அட்டை. இனித் தொகுதிக்கு வருவோம்.

2000-களின் தொடக்கத்தில் பி.எஸ்.ஏ. ‘செட் ரெஜிஸ்ட்ரி’ என்னும் பதிவேட்டைத் தொடங்கியது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தம்மிடமுள்ள தரமிட்ட அட்டைகளைத் தொகுதிவாரியாக அதில் பதியலாம். 1952 டாப்ஸ் தொகுதி வைத்திருப்போர் எத்தனை பேர், அவர்களில் எவருடையது சிறந்தது என்று பதிவேடு வரிசைப்படுத்திக் காட்டும். பரிசுகளும் உண்டு. ‘இன்று முதலிடம்’ என்று ஒரு வரிசை. தொகுதியைக் கலைத்து விற்றுவிட்டவர்களையும் சேர்த்து ‘எக்காலத்தும் சிறந்தவை’ என்று மற்றொரு வரிசை.

வரிசைப்படுத்துவது எப்படி? எல்லா அட்டைகளின் தரத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஐந்தே அட்டைகள் கொண்ட ஒரு தொகுதியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஒன்று எல்லோரும் தேடும் பெருவீரரின் அட்டை. மற்றொன்று ஓரளவு புகழ்பெற்றவருடையது. எஞ்சிய மூன்றும் சாதாரண ஆட்டக்காரர்களுடையவை, எளிதில் கிடைப்பவை.

முதல் சேகரிப்பாளரிடம் பெருவீரரின் அட்டை நைந்துபோய் 4-ஆம் தரத்தில் இருக்கிறது. இரண்டாவது அட்டை 6. மூன்று சாதாரண அட்டைகளும் பளபளவென்று 9. கூட்டினால் 37, ஐந்தால் வகுத்தால் சராசரி 7.4. இரண்டாமவரிடம் பெருவீரர் 8; அடுத்தது 7; சாதாரண அட்டைகள் மூன்றும் 6. கூட்டினால் 33, சராசரி 6.6. வெறும் சராசரியைப் பார்த்தால் முதலாமவரே வென்றார். ஆனால் அட்டை அறிந்த எவரிடமாவது இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத்தான் காட்டுவார். கணக்கு ஒன்று சொல்கிறது. அறிவு வேறொன்று சொல்கிறது.

இந்தப் பிணக்கைத் தீர்க்கவே ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு நிறை, அதாவது எடை, கொடுக்கிறார்கள். அதுவும் 1 முதல் 10 வரை. தொகுதியின் தலையாய அட்டைக்கு 10 கொடுத்தால், சாதாரண அட்டைக்கு 1. தரத்தை நிறையால் பெருக்கிக் கூட்டி, நிறைகளின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்தில் பெருவீரருக்கு 10, இரண்டாமவருக்கு 5, சாதாரண அட்டைகளுக்கு ஒவ்வொன்று என்று வைத்தால் நிறைகளின் மொத்தம் 18. முதல் சேகரிப்பாளருக்கு 40-உம் 30-உம் 27-உம் சேர்ந்து 97. பதினெட்டால் வகுத்தால் 5.39. இரண்டாமவருக்கு 80-உம் 35-உம் 18-உம் சேர்ந்து 133, வகுத்தால் 7.39. வரிசை தலைகீழாயிற்று! இதுவே நிறையிட்ட சராசரி. பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு நூறும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதுமாகக் கணக்கிடுகிறார்களே, அதே முறைதான்.

இதிலும் ஒரு சூது நுழையும் வழி இருக்கிறது. மூன்றாமவர் ஒருவர் வருகிறார். பெருவீரரின் அட்டையே அவரிடம் இல்லை. இரண்டாவது அட்டை 9, சாதாரண அட்டைகள் மூன்றும் 10. கையில் இருப்பவற்றுக்கு மட்டும் நிறையிட்ட சராசரி கண்டால் 75-ஐ 8-ஆல் வகுத்து 9.38 வருகிறது. மூவரிலும் அவரே முதல்வர் போலத் தோன்றும். கடினமான பாடத்தின் தேர்வுக்கே போகாமல், எழுதிய பாடங்களின் மதிப்பெண்ணை மட்டும் காட்டிப் பெருமை பேசும் மாணவனைப் போன்றவர் இவர். ஆகவே பதிவேட்டில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, கையில் இருக்கும் அட்டைகளுக்கான சராசரி. மற்றொன்று, இல்லாத அட்டைகளுக்குச் சுழியம் இட்டுத் தொகுதி முழுவதற்கும் கண்ட மதிப்பு. இரண்டாவதன்படி மூன்றாமவருக்கு 75-ஐ 18-ஆல் வகுத்து 4.17 தான். இடம் தீர்மானிப்பது இந்த எண்ணே.

குறையுடைய அட்டைகளுக்கு இன்னொரு விதி. படம் நடுவிலிருந்து விலகியிருந்தாலோ, கறை படிந்திருந்தாலோ, பேனாக் கோடு விழுந்திருந்தாலோ, தர எண்ணுக்குப் பக்கத்தில் குறையைக் காட்டும் எழுத்துகளைச் சேர்க்கிறார்கள். அத்தகைய அட்டையைப் பதிவேட்டில் சேர்க்கும்போது தரத்தில் இரண்டைக் குறைத்தே கணக்கிடுகிறார்கள். எழுத்து ஒட்டிய 8 இங்கே 6 ஆகிவிடுகிறது.

சரி, யாருக்கு எவ்வளவு நிறை என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? இங்கேதான் விஷயத்தின் சுவையே இருக்கிறது. அரிதானதற்கு நிறை அதிகம் என்று நாம் எண்ணுவோம். அப்படி அன்று. நிறையைப் பெரிதும் நிர்ணயிப்பது சந்தை விலை. இரண்டும் ஒன்றுதானே என்று எண்ண வேண்டாம். 1952 டாப்ஸ் தொகுதியின் மணிமகுடம் 311-ஆம் எண். மிக்கி மேன்டில் என்ற நியூயார்க் யாங்கீஸ் வீரருடையது. அது அவருடைய முதல் அட்டையும் அன்று. முதலாண்டு அட்டையை 1951-லேயே பௌமன் நிறுவனம் வெளியிட்டுவிட்டது. இன்னும் சொல்லப்போனால், தொகுதியின் கடைசி வரிசையாகிய 311 முதல் 407 வரையிலான அட்டைகளில் முதல் மூன்றும் — மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் — அச்சுத் தாளில் இருமுறை இடம்பெற்றவை. அதாவது, அதே வரிசையில் பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரரின் அட்டையைக் காட்டிலும் மேன்டில் இரு மடங்கு அச்சானது! அப்படியிருந்தும் விலையில் அவருக்கு அருகில் எவரும் இல்லை. ஆக, நிறை என்பது எத்தனை பேர் அதை விரும்புகிறார்கள் என்பதன் அளவு.

அந்தக் கடைசி வரிசை முழுதுமே அரிதானதற்கு ஒரு காரணம் உண்டு. அது ஆட்டக் காலத்தின் முடிவில் வெளிவந்தது. சிறுவர்களின் கவனம் கால்பந்துக்குத் திரும்பிவிட்டது. கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். விற்காத பெட்டிகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தொகுதியை வடிவமைத்த சை பெர்ஜர் அவற்றை 1960-இல் படகில் ஏற்றிச்சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் சொன்னார். கடலில் போனது போக எஞ்சியவற்றுள், 9-ஆம் தரமுள்ள மேன்டில் ஒன்று 2021-இல் 52 லட்சம் டாலருக்கு விற்றது. எஸ்.ஜி.சி. என்ற வேறொரு நிறுவனம் 9.5 தரமிட்ட மேன்டில், 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

இப்போது ஒரு கேள்வி. மேன்டிலுக்கும் சாதாரண அட்டைக்கும் விலையில் உள்ள வேற்றுமை ஆயிரக்கணக்கான மடங்கு. நிறையிலோ அதிகபட்சம் பத்தே மடங்கு. இந்த இடைவெளி என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய தொகுதியின் நிறைகளின் மொத்தம் 700 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பத்து நிறையுள்ள பெருவீரரின் அட்டையை 7-லிருந்து 8-க்கு உயர்த்தினால் மொத்தத்தில் பத்துப் புள்ளி கூடுகிறது, மதிப்பில் 0.014 ஏறுகிறது. ஒரு நிறையுள்ள சாதாரண அட்டைகள் பத்தை 8-லிருந்து 9-க்கு உயர்த்தினாலும் அதே பத்துப் புள்ளி, அதே 0.014. முன்னதற்கு ஒரு வீட்டின் விலை ஆகலாம். பின்னதற்கு ஆகும் செலவு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. எந்த வழியில் போவார்கள்? போட்டியாளர்கள் எல்லோருமே இரண்டாவது வழியில் போனார்கள்!

அதன் விளைவை எவரும் திட்டமிடவில்லை. எவரும் தேடாத சாதாரண ஆட்டக்காரர்களின் அட்டைகளுக்குத் திடீரென்று கிராக்கி பிறந்தது. பி.எஸ்.ஏ. தான் இதுவரை எந்த அட்டைக்கு எந்தத் தரத்தை எத்தனை முறை கொடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கையை வெளியிடுகிறது. அதில் ‘9-ஆம் தரத்தில் இரண்டே உண்டு’ என்று ஓர் அட்டை காணப்பட்டால் போதும். முதல் ஐந்து இடங்களில் உள்ளவர்கள் அந்த இரண்டுக்கும் அடித்துக்கொள்வார்கள். தரமிடாத நிலையில் சில டாலர்களுக்குக் கிடைக்கும் அட்டை, உயர்தர உறைக்குள் புகுந்ததும் ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு விலைபோகலாயிற்று. கணக்கில் அதன் நிறை 1 தான். ஆனால் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே 0.01 மட்டுமே இருக்கும்போது, அந்த ஒன்று போதும்.

விலையைக் கொண்டு நிறை வகுத்தார்கள். அந்த நிறையைக் கொண்டு இடம் வகுத்தார்கள். இடத்துக்கான போட்டி மீண்டும் விலையை மாற்றிவிட்டது. அளவுகோலே அளக்கப்படும் பொருளைத் தள்ளி நகர்த்திய கதை இது. ஷெல்டனின் செப்புக் காசுகள் நினைவுக்கு வருகின்றனவா?

விலை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 1986-ஆம் ஆண்டு ஃப்ளீர் நிறுவனம் 132 கூடைப்பந்து அட்டைகள் வெளியிட்டது. அவற்றில் 57-ஆம் எண் மைக்கேல் ஜோர்டன். 10-ஆம் தரமுள்ள அந்த அட்டை 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டே இரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தொகுதிக்குள் ஜோர்டனின் தலைமையை இந்த ஏற்ற இறக்கம் அசைக்கவில்லை. நிறையும் அப்படியே நின்றது. நிறையை 10-க்குள் அடக்கிவைத்ததன் நன்மையும் இதுதான். விலைக்கு நேர் விகிதமாக நிறை கொடுத்திருந்தால் ஜோர்டன் ஒருவரே தொகுதியாகிவிடுவார். மற்ற 131 அட்டைகளை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே பத்து மடங்கு என்பது குறைபாடு என்று நான் சொல்லவில்லை. முழுத் தொகுதியையும் நேசிப்பவருக்கும் ஒற்றை மாணிக்கத்தை மட்டும் நாடுபவருக்கும் இடையே செய்துகொண்ட சமரசம் அது.

சமரசம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘முழுத் தொகுதி’ என்பதே ஒரு தீர்ப்புதான். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளில் வைத்து வெளியிட்ட அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் டி-206 என்று அழைக்கிறார்கள். மொத்தம் 524 என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அவற்றில் நான்கு, எளியவர் கைக்கு எட்டாதவை. எனவே பலர் 520 என்பதையே நிறைவாகக் கொள்கிறார்கள். அந்த நான்கையும் கணக்கில் வைத்தால் வாழ்நாள் முழுவதும் தேடினாலும் நூறு விழுக்காடு வராது. விட்டுவிட்டால், உழைப்பாளியான ஓர் ஆசிரியரோ தபால்காரரோ கூட ஒருநாள் முடித்துவிட்டேன் என்று சொல்ல முடியும். எனக்கு 520-இன் பக்கமே சாய்வு.

எட்டாத அந்த நான்கில் தலையானது ஹோனஸ் வாக்னர் அட்டை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பெரும் ஆட்டக்காரர். அவர் அட்டை வெகு சிலவே வெளிவந்து நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் தம் படத்துக்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார் உண்டு. தமக்குரிய தொகை தரப்படாததே காரணம் என்பாரும் உண்டு. அந்த அட்டைகளில் ஒன்றை 1991-இல் பனி ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தரமிட்ட அட்டை அதுதான். கொடுத்த தரம் 8. எண்பது ஆண்டு பழைய அட்டைக்கு அப்படி ஒரு கூர்மையான முனை! கண்டோர் வியந்தார்கள், சிலர் ஐயுற்றார்கள். 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

2013-இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலதாரர் மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டபோது உண்மை வெளிவந்தது. விற்பதற்கு முன் அந்த அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக அவர் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டப்பட்ட அட்டைக்கு எண் தரமே கிடையாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. 2015-இல் அவருக்கு இருபது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

எண்ணிப் பாருங்கள். நிறையிட்ட சராசரி என்பது மிக நேர்த்தியான கணக்கு. பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழை வராது. இரண்டு தசமத் துல்லியத்தில் வரிசை நிற்கும். ஆனால் பெருக்கப்படும் எண் ஒரு மனிதரின் கண்ணிலிருந்து வந்தது. அந்தக் கண் தவறினால் நிறை அந்தத் தவற்றைக் குறைப்பதில்லை, பெருக்குகிறது. சாதாரண அட்டைக்கு ஒரு தரம் கூடிவிட்டால் ஒரு புள்ளிப் பிழை. பத்து நிறையுள்ள அட்டைக்குக் கூடிவிட்டால் பத்துப் புள்ளிப் பிழை. ஏமாற்றுபவனும் எந்த அட்டையின் ஓரத்தில் கத்தியை வைப்பான் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கத்தி வேண்டாம், சுத்தியல் போதும் என்பாரும் உண்டு. 8 என்று வந்த அட்டையின் உறையை உடைத்து, 8.5 அல்லது 9 வருமா என்று மறுபடி அனுப்புகிறார்கள். வேறொரு நாள், வேறொரு கண். சில வேளை வந்தும் விடுகிறது. பழைய சீட்டைத் திருப்பித் தராவிட்டால் ஒரே அட்டை எண்ணிக்கைப் பட்டியலில் இரண்டாகவும் மூன்றாகவும் நிற்கும். ‘இரண்டே உண்டு’ என்று நம்பி ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தவர்களின் நிலை ஒருபுறம். இல்லாத அட்டை இருப்பதாகக் காட்டும் பட்டியலை நம்பி ஆண்டுக்கணக்கில் தேடுபவர்களின் நிலை மறுபுறம். 2019-இல் ஓரம் வெட்டியும் கறை நீக்கியும் உயர்தர உறைக்குள் புகுந்த அட்டைகள் பலவற்றைப் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டுச் சேகரிப்பாளர்களே கண்டுபிடித்தார்கள்.

பதிவேட்டை நடத்துபவரே தரமிடுபவர் என்பதையும் மறக்க வேண்டாம். பி.எஸ்.ஏ.யின் விளையாட்டு அட்டைப் பதிவேட்டில் பி.எஸ்.ஏ. உறை அட்டைகளுக்கே இடம். மேலே சொன்ன ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலர் மேன்டிலை எடுத்துச் சென்றாலும், அது எஸ்.ஜி.சி. உறையில் இருப்பதால் கணக்கில் சுழியமே! எஸ்.ஜி.சி.யை 2024-இல் பி.எஸ்.ஏ.யின் தாய் நிறுவனம் வாங்கிவிட்டது என்பது வேறு செய்தி. இடத்துக்கு ஆசைப்படுபவர் ஒவ்வோர் அட்டைக்கும் தரமிடும் கட்டணம் செலுத்த வேண்டும், சாதாரண அட்டைக்கும்தான். இதில் சூழ்ச்சி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. விதிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. ஆயினும், தேர்வு நடத்துபவரே பயிற்சிக் கட்டணமும் வாங்கினால் தாய்மார்கள் ஒருமுறை யோசிப்பார்கள் அல்லவா?

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளையோ மருமகனோ இத்தகைய தொகுதி ஒன்றைச் சேர்க்கிறார் என்றால், அவரிடம் ‘எத்தனையாவது இடம்?’ என்று கேளாதீர்கள். ‘நிறை ஒன்றுள்ள அட்டைக்கு என்ன கொடுத்தாய்?’ என்று கேளுங்கள். விற்கும் நாளில் தொகுதி பெரும்பாலும் ஒன்றாக விலைபோவதில்லை. ஒவ்வோர் அட்டையாகப் பிரித்தே விற்கிறார்கள். அப்போது வாங்க வருபவர், பதிவேட்டில் போட்டியிடும் இன்னொருவராக இருந்தால்தான் அந்தச் சாதாரண அட்டைக்குப் பழைய விலை கிடைக்கும். அவர் முன்பே ஒன்றை வாங்கிவிட்டிருந்தால்? போட்டியிட்ட ஐவரில் மூவர் ஓய்ந்துவிட்டிருந்தால்? மேன்டிலை விரும்புவோர் பதிவேட்டுக்கு வெளியேயும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத ஆட்டக்காரரின் 9-ஆம் தரத்தை விரும்புவோர் பதிவேட்டுக்குள் மட்டுமே இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நடப்பவர்களும் உண்டு என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது; பிறகு அவர்கள்மேல் ஒரு பிரியமும் வந்தது. வேண்டுமென்றே 1-ஆம் தரத்தைத் தேடி வாங்குபவர்கள் அவர்கள். மடிந்தது, கிழிந்தது, மிதிவண்டிச் சக்கரத்தில் செருகி ஓட்டப்பட்டது, பின்புறம் பசை ஒட்டியது என்று எல்லாம் அவர்களுக்கு உகந்தது. ஆனால் அட்டை முழுமையாக இருக்க வேண்டும், போலியாக இருக்கக் கூடாது. அவர்கள் தேடும் பாஃப்கோ மிக எளிதில் கிடைப்பார், மேலே குறுக்கே ஓடும் ரப்பர் தடத்தோடு.

வாக்னர் அட்டையோ, மாஸ்ட்ரோவின் வாக்குமூலத்துக்குப் பின்னும் அதே உறைக்குள், அதே 8 என்ற எண்ணோடுதான் இருந்தது.